ஹெல்மெட் போட்டால் போதுமா? கட்டுமானத் தளங்களில் ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி, தடுப்பது யார்? - ஓர் அலசல்

2025 செப்டம்பர் 30. சென்னை எண்ணூரில் கட்டப்பட்டு வரும் அனல் மின் நிலையத்தில் உயரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது இரும்புக் கட்டமைப்பு சரிந்தது. 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பெரும்பாலும் அசாமிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்பு, ஜூன் 12ஆம் தேதி இரவு, ராமாபுரம் அருகே மெட்ரோ ரயில் பணிக்காகத் தூக்கி வைக்கப்பட்டிருந்த கான்கிரீட் உத்தரங்கள் கீழே விழுந்தன. அந்த வழியாக பைக்கில் போன ஒருவர் பலியானார். அவருக்கும் அந்தக் கட்டுமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னும் பின்னால் போனால், 2014 ஜூன் 28. மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அப்படியே தரைமட்டமானது. 61 பேர் இறந்தனர். தமிழ்நாட்டின் மிக மோசமான கட்டட விபத்துகளில் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். மீட்புப் பணி, நிவாரண அறிவிப்பு, வழக்குப் பதிவு, விசாரணைக் குழு. சில நாட்களில் செய்தி மறைந்துவிடும். அடுத்த தளத்தில் அதே சாரம், அதே கம்பு, அதே அவசரம்.

உண்மையில் கட்டுமான விபத்துகளில் பெரும்பாலானவை 'எதிர்பாராதவை' அல்ல. எங்கே, எப்படி, எதனால் நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தவைதான். அப்படியிருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? ஆபத்தைக் கணக்கிடுவது என்றால் என்ன? சட்டம் யாரைக் கேள்வி கேட்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஆபத்து வேறு, ரிஸ்க் வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஆனால் பாதுகாப்புத் துறையில் இவை இரண்டும் வேறு வேறு.

மூன்றாவது மாடியில் லிஃப்ட்டுக்காக விடப்பட்டிருக்கும் திறந்த குழி ஓர் ஆபத்து. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குழியை ஒட்டி தினமும் எத்தனை பேர் நடக்கிறார்கள், தலையில் சட்டியோடு நடக்கிறார்களா, மாலை 6 மணிக்கு மேல் அங்கே விளக்கு எரிகிறதா, விழுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பதுதான் ரிஸ்க். அதாவது, நடப்பதற்கான வாய்ப்பும் நடந்தால் ஏற்படும் பாதிப்பும் சேர்ந்தது.

பெரிய நிறுவனங்களின் தளங்களில் இதற்கென ஒரு படிவம் இருக்கும். ஒவ்வொரு வேலையையும் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நடக்கலாம் என்று எழுதுவார்கள். வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, பாதிப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். இரண்டையும் பெருக்கினால் 25க்கு ஒரு எண் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. முதலில் ஆபத்தைக் குறைக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, தடுப்புக் கம்பி இல்லாத சாரத்தில் நின்று வெளிப்பூச்சு பூசும் வேலை. விழுவதற்கான வாய்ப்பு 4, விழுந்தால் உயிர் போகும் என்பதால் பாதிப்பு 5. மொத்தம் 20. சிவப்பு நிறக் கட்டம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி: கம்பி கட்டும்போது விரலில் கீறல் விழுவது அடிக்கடி நடக்கும், பாதிப்பு குறைவு. எனவே 5 பெருக்கல் 1, மொத்தம் 5. முழுக் கட்டடமும் சரிவது மிக அரிது, நடந்தால் பேரழிவு. 1 பெருக்கல் 5, அதுவும் 5. தாளில் இரண்டும் ஒன்று. மௌலிவாக்கம் இந்த இரண்டாவது வகை. எண்ணை மட்டும் பார்ப்பவர் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். அதனால்தான் உயிர்ப்பலி வாங்கக்கூடிய எதையும், வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், தனியாக எடுத்து ஆராய வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்புப் பொறியாளர்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். 'தொழிலாளருக்கு ஹெல்மெட் தரப்பட்டது' என்று ஒரு வரி எழுதி, வாய்ப்பு மதிப்பெண்ணை 4லிருந்து 2 ஆக்கிவிடுவது. ஹெல்மெட் போட்டதால் ஒருவர் விழும் வாய்ப்பு எப்படிக் குறையும்? குறையாது. ஆனால் தாளில் சிவப்பு மஞ்சளாகிவிடும், வேலையும் தொடங்கிவிடும்.

ஹெல்மெட் ஏன் கடைசி?

கட்டுமானப் பாதுகாப்பு என்றதும் நம் கண்முன் வருவது மஞ்சள் ஹெல்மெட்டும் ஒளிரும் கோட்டும்தான். ஆனால் உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட வரிசையில் இவற்றுக்குக் கிடைப்பது ஐந்தாவது இடம், அதாவது கடைசி இடம்.

அந்த வரிசை இதுதான்:

1. ஆபத்தையே நீக்குவது: உயரத்தில் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து முடித்துவிட்டு, பிறகு தூக்கிப் பொருத்துவது.
2. மாற்றுவது: ஆபத்தான பொருளுக்கோ முறைக்கோ பதிலாகக் குறைந்த ஆபத்துள்ளதைப் பயன்படுத்துவது. கயிறு கட்டிய சவுக்குக் கம்புச் சாரத்துக்குப் பதில் இரும்புச் சாரம்.
3. தடுப்பு அமைப்பது: குழியை மூடுவது, ஓரத்தில் கம்பி வேலி போடுவது, வலை கட்டுவது.
4. நடைமுறை: பயிற்சி, அனுமதிச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை, மேற்பார்வை.
5. உடலில் அணிபவை: ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், ஷூ, கையுறை.

முதல் மூன்றும் தொழிலாளி மறந்தாலும், களைத்துப் போனாலும், அவசரப்பட்டாலும் அவரைக் காப்பாற்றும். கடைசி இரண்டும் மனிதர் ஒவ்வொரு நொடியும் சரியாக நடந்துகொண்டால் மட்டுமே வேலை செய்யும். ஆனால் பல தளங்களில் வரிசை தலைகீழாக நடக்கிறது. காரணம் எளிது. ஹெல்மெட் சில நூறு ரூபாய். கட்டடத்தைச் சுற்றி முழுமையான இரும்புச் சாரம் என்றால் வாடகையே லட்சங்களில் போகும்.

பாதுகாப்பு பெல்ட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. பெல்ட்டோடு இணைந்த கயிறு பொதுவாக 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் பகுதி விரிந்து ஏறத்தாழ மேலும் ஒன்றே முக்கால் மீட்டர் நீளும். அதற்குக் கீழே தொங்கும் மனிதரின் உயரம், பாதுகாப்பு இடைவெளி எல்லாம் சேர்த்தால் சுமார் 6 மீட்டர் வேண்டும். அதாவது கால் மட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு முதல் மாடி உயரத்தில் வேலை செய்பவர் விழுந்தால், பெல்ட் இழுத்துப் பிடிப்பதற்குள் தரையில் மோதிவிடுவார். தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்டினால்தான் பயன். 'பெல்ட் குடுத்துட்டோம்' என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

உயிரைப் பறிக்கும் நான்கு

கட்டுமானத் தளங்களில் நூற்றுக்கணக்கான ஆபத்துகள் இருந்தாலும் மரணங்கள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட வழிகளிலேயே நடக்கின்றன. தமிழ்நாட்டுத் தளங்களில் அடிக்கடி கேள்விப்படும் நான்கைப் பார்க்கலாம்.

உயரத்திலிருந்து விழுவது: 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரம் பலருக்கு உயரமாகவே தெரியாது. ஆனால் அங்கிருந்து விழுபவர் முக்கால் நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில், மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். 10 மீட்டர் என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர். பைக்கில் அந்த வேகத்தில் போய் சுவரில் மோதுவதற்குச் சமம். பிடித்துக்கொள்ள நேரமே கிடையாது.

சென்ட்ரிங் சரிவது: ஆயிரம் சதுர அடிக்கு 6 அங்குல கனத்தில் தளம் போட்டால், ஊற்றும் ஈரக் கான்கிரீட்டின் எடை மட்டும் சுமார் 35 டன். அது இறுகும் வரை அந்த எடை முழுவதையும் தாங்குவது கீழே நிற்கும் முட்டுகள்தான். ஒரு முட்டு மழையில் ஊறிய மண்ணில் நின்றால், அதன் கீழே பலகை இல்லாவிட்டால், குறுக்குக் கம்பு கட்டாவிட்டால், ஒன்று சரிந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். மேலே நிற்பவர்களும் கீழே நிற்பவர்களும் ஒன்றாகச் சிக்குவார்கள்.

முட்டைப் பிரிப்பதிலும் இதே அவசரம்தான். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நெறிமுறையின்படி, சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாட்கள், அதற்கு மேல் 14 நாட்கள் இருக்க வேண்டும். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாட்கள். 'அடுத்த சைட்டுக்கு ஜாக்கி வேணும், பிரிச்சுடுங்க' என்ற ஒரு போன் காலில் இந்தக் கணக்கு காற்றில் போய்விடுகிறது.

மண் சரிவது: குழாய் பதிக்கவும் அஸ்திவாரம் போடவும் தோண்டும் பள்ளங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல், அதாவது ஒரு காரின் எடை. மார்பளவு புதைந்தாலே மூச்சுவிடத் திணற வேண்டியிருக்கும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கவாட்டில் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சரிவாகவோ படியாகவோ வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை ஓரத்திலேயே குவிக்கக் கூடாது. நம் தெருக்களில் பாதாளச் சாக்கடைப் பணி நடக்கும் பள்ளங்களை எட்டிப் பார்த்தால், இந்த விதி எத்தனை இடங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது புரியும்.

மின்சாரம்: சந்தையில் வரும் முறுக்குக் கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர், நாம் சொல்லும் 40 அடிக் கம்பி. குறுகிய தெருவில், மாடிக்கு எதிரே உயர் மின்னழுத்தக் கம்பி போகும் இடத்தில், இந்த நீளக் கம்பியைச் செங்குத்தாகத் தூக்கும்போது ஒரு சின்னச் சாய்வு போதும். இதைத் தடுக்க வழி இருக்கிறது. மின்வாரியத்தில் சொல்லி அந்த நேரத்துக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லலாம். கம்பியைக் கீழேயே வெட்டி, தேவையான அளவில் மேலே அனுப்பலாம். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. முந்தைய நாளே யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மௌலிவாக்கம் சொல்லும் வேறு பாடம்

மேலே சொன்ன நான்கும் தளத்தில் நடக்கும் தவறுகள். மௌலிவாக்கத்தில் நடந்தது அது மட்டுமல்ல.

இடி தாக்கியதால் கட்டடம் சரிந்தது என்று கட்டுமானத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் சரியாமல் நின்ற இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கட்டடமே நிற்காது என்னும்போது அதற்குள் வேலை செய்பவர் பெல்ட் போட்டிருந்தால் என்ன, போடாவிட்டால் என்ன? பாதுகாப்பு தளத்தில் தொடங்குவதில்லை. மண் பரிசோதனையில், வரைபடத்தில், தூண்களின் கணக்கில் தொடங்குகிறது. ஆனால் ரிஸ்க் மதிப்பீட்டுப் படிவத்தைப் பெரும்பாலும் நிரப்புவது தளத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். வடிவமைப்பாளரும் நிலத்தின் உரிமையாளரும் அந்தத் தாளில் வருவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1996இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களுக்குப் பொருந்தும் சட்டம் அது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எழுத்துப்பூர்வமான பாதுகாப்புக் கொள்கை, 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் வேண்டும் என்றது. ஆனால் பாதுகாப்பு விதிகளை மீறினால் தண்டனை? அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கோடிகளில் நடக்கும் ஒரு திட்டத்துக்கு 2,000 ரூபாய் என்பது டீச் செலவு.

2025 நவம்பர் 21ஆம் தேதி நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொடர்பான 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் பழைய கட்டுமானத் தொழிலாளர் சட்டம் அடங்கிவிட்டது. முரண்படாத அளவுக்குப் பழைய விதிகள் மாற்றக் காலத்தில் தொடரும்.

என்ன மாறியிருக்கிறது?

* பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்ற வரம்பு கட்டுமானத் தளங்களுக்கு 500லிருந்து 250 தொழிலாளர்களாகக் குறைந்திருக்கிறது.
* விதிமீறலால் மரணம் ஏற்பட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.
* தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும்.
* உயிருக்கு ஆபத்து என்று தொழிலாளி நியாயமாகக் கருதினால் அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆபத்து இல்லை என்று நிர்வாகம் கருதினால் விஷயம் ஆய்வாளரிடம் போகும், அவர் முடிவே இறுதியானது.

அபராதம் கூடியிருப்பது உண்மை. ஆனால் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. தொழிலாளி புகார் சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, ஆய்வாளர் வரும் வரை அந்த இடத்தைவிட்டு விலகி நிற்கும் உரிமை தெளிவாக எழுதப்படவில்லை. கட்டுமானப் பாதுகாப்பு பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த உரிமையை வெளிப்படையாகவே பேசுகிறது.

இன்னொன்று. பழைய சட்டத்தில், சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் சட்டம் பொருந்தாது. இப்போது அந்த வரம்பு 50 லட்சம். சின்ன ஊர்களிலும் புறநகர்களிலும் கட்டப்படும் தனி வீடுகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் வந்துவிடும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தளங்களும் வெளியேதான். சாரம் எந்தத் தளத்தில் அதிகம் ஆடுகிறதோ அந்தத் தளத்துக்குச் சட்டம் போவதே இல்லை.

ஓட்டை எங்கே?

தமிழ்நாட்டில் கட்டுமானத் தளங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு உண்டு. ஆனால் தொழிற்சாலைகளையும் அதே இயக்ககம்தான் பார்க்கிறது. தொழிற்சாலை ஒரே இடத்தில் இருக்கும். கட்டுமானத் தளமோ நேற்று இருந்தது போல இன்று இருக்காது. திங்கட்கிழமை ஆய்வு செய்த தளத்தில் வெள்ளிக்கிழமை இன்னொரு மாடி எழுந்திருக்கும்.

ஆய்வைவிடப் பெரிய ஓட்டை, ஒப்பந்தச் சங்கிலி. பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை எடுக்கும். சென்ட்ரிங் ஒருவருக்கு, கம்பி கட்டுவது இன்னொருவருக்கு, பூச்சு வேறொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கும். அவர்களிடமிருந்து மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் எடுப்பார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் லாபம் கழிந்து, கடைசியில் இருப்பவரிடம் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் இருக்காது. சதுர அடிக் கூலியில் சாரத்துக்குக் கூடுதலாக ஒரு நாள் செலவழித்தால் அது அவர் கைக்காசு.

மொழியும் ஒரு தடை. தளங்களில் வேலை செய்பவர்கள் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்தவர். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். காலையில் வேலைக்கு முன் நடக்கும் 10 நிமிடப் பாதுகாப்புக் கூட்டத்தில் அலுவலர் தமிழில் பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள், கையெழுத்து வாங்கப்படும். புரிந்ததா என்று கேட்க யாரும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேல், பயம். 'இது ஆடுது சார், ஏற மாட்டேன்' என்று சொல்லும் கொத்தனாருக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா? தினக்கூலிக்கு இந்தக் கேள்விதான் முதல் ரிஸ்க் மதிப்பீடு. வேலை போகும் வாய்ப்பு அதிகம், விழும் வாய்ப்பு குறைவு என்று அவர் மனசு கணக்குப் போடுகிறது. ஏறிவிடுகிறார்.

'நல்ல வேளை' என்ற எச்சரிக்கை

மேலிருந்து ஒரு செங்கல் விழுகிறது. கீழே யாரும் இல்லை. 'நல்ல வேளை, யார் மேலயும் விழல' என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

பாதுகாப்புத் துறையில் இதுதான் மிக மதிப்புள்ள தகவல். நூலிழையில் தப்பிய ஒவ்வொரு சம்பவமும் வரப்போகும் விபத்தின் முன்னோட்டம். ஏன் விழுந்தது, சாரத்தின் ஓரத்தில் பலகை இல்லையா, கீழே நடமாட்டத்தை ஏன் தடுக்கவில்லை என்று அன்றைக்கே கேட்டால் அடுத்த செங்கல் யார் தலையிலும் விழாது. ஆனால் இதைச் சொல்பவரைத் திட்டினால், அபராதம் போட்டால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். பல தளங்களின் நுழைவாயிலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு எண் தொங்கும். அந்த எண் கூடக் கூட, சின்ன விபத்துகளை மறைக்கும் ஆசையும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூர் என்ன செய்தது?

தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் கட்டுமான வேலைக்குப் போகும் நாடு சிங்கப்பூர். அங்கே 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, மெட்ரோ ரயில் சுரங்கத்துக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தனர். பள்ளத்தின் சுவர்களைத் தாங்கிய முட்டுகளின் இணைப்பு பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்ததும், கருவிகள் காட்டிய எச்சரிக்கைகள் சரியாகக் கவனிக்கப்படாததும் விசாரணையில் தெரியவந்தன.

2006இல் புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எல்லாப் பணியிடங்களிலும் ரிஸ்க் மதிப்பீடு கட்டாயம். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். விபத்து நடந்தாலோ வேலை முறை மாறினாலோ உடனே புதுப்பிக்க வேண்டும். ஆபத்தை உருவாக்குபவர் யாரோ அவரே பொறுப்பு என்பதுதான் அடிப்படை.

2004இல் அங்கே ஒரு லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 ஆக இருந்த பணியிட மரண விகிதம் 2023இல் 0.99 ஆகக் குறைந்தது. இடையில் 2022இல் மரணங்கள் கூடியபோது, அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 2023 மே வரை சிறப்புக் கண்காணிப்புக் காலம் அறிவித்தார்கள். சிங்கப்பூர் சின்ன நாடு, ஒப்பிட முடியாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் புதுக்கோட்டையிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ போகும் அதே இளைஞர்தான் அங்கே பெல்ட் மாட்டி வேலை செய்கிறார், இங்கே மாட்டாமல் ஏறுகிறார். அவர் மாறவில்லை. தளம்தான் மாறியிருக்கிறது.

விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

அரசு அறிவிக்கும் நிவாரணம் வேறு, சட்டப்படியான இழப்பீடு வேறு. நிவாரணம் பெரிய விபத்துகளுக்குத்தான் வரும். இழப்பீடு ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை.

வேலையின்போது மரணம் என்றால், மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020இல் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி பார்த்தால், 7,500 பெருக்கல் 207.98, அதாவது சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர் என்றாலும் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் இந்தத் தொகையைக் கேட்க முடியும். 'அவர் எங்க ஆளு இல்ல, மேஸ்திரியோட ஆளு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதைத் தவிர, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலிக்கப்பட்டு, தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தின் மூலம் உதவிகள் தரப்படுகின்றன. வாரியத்தில் பதிவு செய்வதும் பதிவைப் புதுப்பிப்பதும் முக்கியம்.

வீடு கட்டுபவர்கள் என்ன கேட்க வேண்டும்?

சட்டம் எட்டாத சின்னத் தளங்களில் ஆபத்தைக் குறைக்கக்கூடிய ஒரே ஆள், பணம் கொடுக்கும் வீட்டு உரிமையாளர். இன்ஜினியரிடமோ மேஸ்திரியிடமோ கேட்க வேண்டியவை இவை:

* சாரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒப்பந்தத்தில் தனித் தொகை இருக்கிறதா?
* வீட்டை ஒட்டிப் போகும் மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கம்பி ஏற்றும் நாளில் என்ன ஏற்பாடு?
* தற்காலிக மின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா?
* படிக்கட்டு, திறந்த ஓரங்கள், கழிவுநீர்த் தொட்டிக் குழி எல்லாம் மாலையில் மூடப்படுகின்றனவா?
* கான்கிரீட் போடும் முன் முட்டுகளை இன்ஜினியர் நேரில் பார்த்தாரா? எத்தனை நாள் கழித்துப் பிரிப்பார்கள்?
* மழை பெய்த மறுநாள் சாரத்தையும் பள்ளத்தையும் யார் பார்ப்பார்கள்?
* யாருக்காவது அடிபட்டால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி?

இவற்றுக்குப் பதில் கேட்க அரை மணி நேரம் போதும்.

கடைசியில் கேள்வி இதுதான்

ரிஸ்க் மதிப்பீடு என்பது ஃபைலில் இருக்கும் தாள் அல்ல. நாளைக் காலை அந்தச் சாரத்தில் ஏறப்போகிறவர் மாலையில் வீடு திரும்புவாரா என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் தேடுவது. அபராதத் தொகை கூடியிருக்கிறது, அலுவலர் வரம்பு குறைந்திருக்கிறது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் அபராதம் விபத்துக்குப் பிறகு வருவது.

விபத்துக்கு முன்னால் தேவைப்படுவது மூன்று. வரைபடம் போடுபவரிலிருந்து மேஸ்திரி வரை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதப்பட்ட பொறுப்பு. ஒப்பந்தத் தொகையில் பேரம் பேச முடியாதபடி தனியாக ஒதுக்கிய பாதுகாப்புச் செலவு. 'இது ஆடுது, ஏற மாட்டேன்' என்று சொல்பவருக்கு மறுநாளும் வேலை உண்டு என்ற உறுதி.

முதல் இரண்டும் பணத்தாலும் விதியாலும் வந்துவிடும். மூன்றாவது வராதவரை, தளத்தில் எத்தனை ஹெல்மெட் தொங்கினாலும் ஆபத்தை முதலில் பார்ப்பவர் வாய் திறக்க மாட்டார்.